பழைய கோதிக் கப்பற்படைக்கு என்ன வண்ணம் தீட்டலாம்?

லெஸ்டர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். சிறு விண்கப்பல் மாதிரிகளை மேசையில் நகர்த்தி ஆடும் 'பேட்டில்ஃப்ளீட் கோதிக்' என்ற போர் விளையாட்டின் ஏகாதிபத்தியக் கப்பற்படை ஒன்று சென்ற மாதம் இரண்டாம் கையாக எனக்குக் கிடைத்தது. கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1999-இல் வெளியிட்டது. இப்போது கடைகளில் இல்லை. க்ரூஸர் எனப்படும் பெரிய போர்க்கப்பல்கள் ஆறு, பிளாஸ்டிக்கில் இருக்கின்றன. கோப்ரா, ஸ்வோர்ட் வகை உலோகச் சிறுகப்பல்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. எதிரணியில் ஆடப்போகும் நண்பர் ஏகாதிபத்தியத்தின் எதிரிகளான தன் கேயாஸ் படையை அடர்சிவப்பில் தீட்டி முடித்துக் காத்திருக்கிறார்.

தரைப்படை வீரர்களைத் தீட்டிப் பழகியவன் நான். முகம், துணி மடிப்பு, தோல் பட்டை எல்லாம் கைக்கு வரும். விண்கப்பலில் அவை எதுவும் இல்லை. எங்கே தொடங்குவது என்றே பிடிபடவில்லை. முன்பு வைத்திருந்தவர் எல்லாக் கப்பல்களுக்கும் கெட்டியாகக் கருப்பு பூசி, மேலே வெள்ளி நிறத்தைத் தேய்த்திருக்கிறார். எங்கள் விளையாட்டு விரிப்பும் நட்சத்திரங்கள் அச்சடித்த கருப்பு விரிப்புதான். விளக்கைப் போட்டும் எந்தக் கப்பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

பழைய வண்ணத்தைக் கழற்றுவது எப்படி? என்ன நிறத்தில் தீட்டினால் கருப்பு விரிப்பில் எடுபடும்? எல்லாக் கப்பல்களும் ஒரே படையைச் சேர்ந்தவையாகத் தெரிய என்ன செய்ய வேண்டும்? ஏகாதிபத்தியக் கப்பல்களுக்குரிய கம்பீரம் குறைந்துவிடக் கூடாது என்பது என் ஆசை.

தூரிகைக்காரி (சிங்கப்பூர்):

வண்ணம் கழற்றுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதலில் பிளாஸ்டிக்கையும் உலோகத்தையும் தனித்தனியே பிரித்துவிடுங்கள். உலோகக் கப்பல்கள் அசிட்டோனைத் தாங்கும். பிளாஸ்டிக் தாங்காது, அசிட்டோன் பட்டால் கூழாகிவிடும். உலோகக் கப்பலோடு பிளாஸ்டிக் தாங்கி ஒட்டியிருந்தால் அதையும் முன்பே எடுத்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் க்ரூஸர்களுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நல்லது. மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் மூழ்க வைத்துச் சில மணி நேரம் கழித்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். அக்ரிலிக் வண்ணமாக இருந்தால் தோல் உரிவதுபோல் வந்துவிடும். எனாமலாக இருந்தால் எளிதில் வராது. அப்போது நுணுக்கங்கள் அடைபடாத கப்பல்களை அப்படியே விட்டு மேலே பிரைமர் (வண்ணம் பிடிக்க உதவும் அடிப்பூச்சு) அடிப்பதே மேல். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். சூப்பர் க்ளூவால் ஒட்டிய இணைப்புகள் சில கழன்றுவரும். அது நல்லதுதான், சீராக மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

பிரைமர் சாம்பல் நிறத்தில் அடியுங்கள். எங்கள் ஊரில் காற்றில் எப்போதும் ஈரம் நிற்பதால், தெளிப்பான் பிரைமர் பல நாட்களில் பொரிபொரியாகப் படிந்துவிடும். அதனால் நான் தூரிகையால் பூசும் பிரைமரையே நம்புகிறேன். உங்களுக்குக் குளிர்தான் சிக்கல். டப்பாவைச் சற்று நேரம் வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி வையுங்கள். கொதிநீர் கூடவே கூடாது. கப்பல்களையும் வீட்டுக்குள் அறைச் சூட்டில் வைத்திருந்து, அடிக்கும்போது மட்டும் வெளியே கொண்டுபோங்கள். ஒரு சாண் தூரத்துக்குச் சற்று அதிகமாக வைத்து, நிறுத்தி நிறுத்தி, மெல்லிய கையாக அடியுங்கள்.

நங்கூரம்:

தம்பி, வாழ்நாளின் பெரும்பகுதியைச் சரக்குக் கப்பல்களின் இயந்திர அறையில் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். கப்பலுக்கு வண்ணம் என்றால் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. "எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது" என்றீர்களே, அதுதான் தீர்க்க வேண்டிய ஒரே சிக்கல். இந்த விளையாட்டில் பீரங்கி அட்டவணையை எடுத்துப் பாருங்கள். எதிரிக் கப்பல் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா, குறுக்காக நிற்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் எத்தனை பகடை உருட்டுவது என்பது முடிவாகிறது. ஏகாதிபத்திய க்ரூஸரின் முன்கவசத்தின் மதிப்பு ஆறு, பக்கக் கவசத்துக்கு ஐந்து. டார்பிடோ அணியத்திலிருந்து, அதாவது கப்பலின் முன்முனையிலிருந்து, மட்டும் புறப்படும். எனவே கப்பலின் முன்னும் பின்னும் பக்கமும் நின்ற இடத்திலிருந்தே தெரிய வேண்டும். அருகில் வைத்துப் படம் எடுப்பதற்குத் தீட்டும் கப்பல் வேறு, மேசையில் ஓடப்போகும் கப்பல் வேறு. நீங்கள் தீட்டப்போவது இரண்டாவது வகை. கையை நீட்டிப் பிடித்த தொலைவில் தெரியாத நுணுக்கத்துக்குச் செலவிடும் நேரம் இன்னொரு கப்பலிடமிருந்து பறித்த நேரம்.

நிறத்துக்கு வருகிறேன். உங்கள் க்ரூஸரின் மூக்கைக் கவனித்தீர்களா? கலப்பைபோல் கூர்ந்து நீண்ட இடிமுகம். அது விக்டோரியா காலத்துப் போர்க்கப்பலின் மூக்கு. 1866-இல் லிஸ்ஸா கடற்போரில் ஆஸ்திரியாவின் ஃபெர்டினாண்ட் மாக்ஸ் என்ற கப்பல் இத்தாலியின் ரே தித்தாலியாவை நேராக இடித்து மூழ்கடித்தது. அதைப் பார்த்த பிறகு பல பத்தாண்டுகள் உலகின் கடற்படைகள் எல்லாம் தங்கள் கப்பல்களுக்கு இடிமுகம் வைத்துக் கட்டின. பக்கவாட்டில் வரிசையாகப் பீரங்கித் தளம், நடுவில் உயர்ந்த மேற்கட்டுமானம், முன்னால் இடிமுகம் என்று உங்கள் கப்பலின் உடல் முழுவதும் அந்தக் காலத்தைத்தான் சொல்கிறது. அப்படியிருக்க அந்தக் காலத்து வண்ணத்தையே ஏன் பூசக் கூடாது?

பிரிட்டிஷ் அரசுக் கடற்படை 1903 வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதற்கு முன் அதன் கப்பல்கள் எப்படி இருந்தன தெரியுமா? கருப்பு உடல், வெள்ளை மேற்கட்டுமானம், வெளிர் மஞ்சள் கலந்த தோல் நிறத்தில் புகைபோக்கியும் பாய்மரமும். அமெரிக்கா 1907 முதல் 1909 வரை பதினாறு போர்க்கப்பல்களை உலகம் சுற்ற அனுப்பியபோது உடல் வெள்ளை, மேலே அதே தோல் நிறம், அணியத்தில் பொன்முலாம் பூசிய பூவேலைப்பாடு. ஃபிலடெல்ஃபியாவில் பாதுகாக்கப்படும் ஒலிம்பியா என்ற க்ரூஸர் இன்றும் அந்த வண்ணத்தில் நிற்கிறது. படங்களைத் தேடிப் பாருங்கள். லெஸ்டரிலிருந்து போர்ட்ஸ்மத் ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரம். அங்கே 1860-இல் நீரில் இறங்கிய வாரியர் என்ற போர்க்கப்பல் நிற்கிறது. கருப்புக் கப்பல் எப்படிக் கம்பீரமாக இருக்கும் என்பதை அதன் முன்னால் நின்று பார்த்தால்தான் உணர முடியும். பளபளப்பான கருப்பு உடலுக்கு மேலே வெளிர் நிறம் வந்து நிற்பதால்தான் அந்தக் கருப்பு எடுபடுகிறது.

இதை உங்கள் க்ரூஸருக்கு இப்படி மாற்றலாம். பீரங்கித் தளங்கள் உள்ள உடல் முழுவதும் நீலம் கலந்த அடர்சாம்பல். முழுக்கருப்பு வேண்டாம், முழுக்கருப்புக்கு மேல் நிழல் காட்ட இடமே இல்லை. வயேஹோ வண்ண நிறுவனத்தின் ஜெர்மன் கிரே இதற்குப் பொருந்தும். நடுக்கோபுரமும் அதன் அடித்தளமும் ஐவரி (தந்த வெள்ளை). பின்னால் உந்துபொறிகளின் உறை அதே நிறுவனத்தின் பஃப், அதாவது மேலே சொன்ன தோல் நிறம். அணியத்தின் கவசத்தகடு வெண்கலம். இந்த நான்கும் எல்லாக் கப்பல்களிலும் அதே இடங்களில் வர வேண்டும். சிறுகப்பலில் கோபுரம் என்று தனியாக ஒன்று எடுத்துச் சொல்லும்படி இல்லாவிட்டாலும், மேலே உயர்ந்து நிற்பது எதுவோ அதற்கு ஐவரி. இப்படிச் செய்தால் விரிப்பின் இருளில் உடல் கொஞ்சம் அமிழ்ந்தாலும் கண் ஏமாறாது. முன்னால் பொன், நடுவில் வெள்ளை, பின்னால் மஞ்சள் என்ற வரிசையைப் பார்த்த உடனே கப்பல் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். நண்பரின் அடர்சிவப்புப் படையோடு கலந்தும் போகாது.

வண்ணங்களைக் கலக்காமல் புட்டியில் உள்ளபடியே பயன்படுத்துங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு கப்பல்கள் கிடைத்தால், கலந்து உண்டாக்கிய நிறத்தை மறுபடி கொண்டுவருவது பெரும்பாடு. எந்த நிறம், எந்த வரிசை, எத்தனை கை என்று ஓர் அட்டையில் எழுதி வண்ணப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

வேலை முறை இதுதான்: முதலில் ஒரே ஒரு க்ரூஸரை முழுமையாக முடித்து, விரிப்பின்மேல் வைத்து, எழுந்து நின்று பாருங்கள். மாற்ற வேண்டியதை அதில் மாற்றுங்கள். மனம் நிறைந்த பிறகு மற்றவற்றை நிறம் நிறமாக எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் சாம்பல், பிறகு எல்லாவற்றுக்கும் வெண்கலம் என்று. ஒவ்வொன்றாக முடித்தால் கடைசிக் கப்பலுக்குள் கை மாறிவிடும், கப்பல்கள் ஒன்றோடொன்று ஒட்டாது.

உடலில் அடர்சாம்பல் காய்ந்ததும் ட்ரை பிரஷ். இந்தக் கப்பல்களில் வளைவுகளும் தூண்களும் கோபுர முனைகளும் புடைத்து நிற்பதால் அதற்கென்றே செய்தவைபோல் இருக்கும். மென்மையான வட்டத் தூரிகையில் வெளிர் நீலச்சாம்பலைத் தொட்டு, தாளில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, மேலிருந்து கீழாக மட்டும் இழுங்கள். மேல் விளிம்புகளில் ஒளி நிற்கும், அடிப்பகுதி இருளிலேயே இருக்கும். தட்டையான பரப்புகளில் அழுத்தித் தேய்த்தால் விபூதி பூசியதுபோல் வெளுத்துப்போகும். அங்கே கை போகவே வேண்டாம்.

ஐவரியை நேராகச் சாம்பல்மேல் பூசினால் திட்டுத் திட்டாகத் தெரியும். முதலில் பஃப், அதன்மேல் நீர்த்த ஐவரி இரண்டு கை. பிறகு செபியா நிற வாஷை (பள்ளங்களில் தேங்கும் நீர்த்த வண்ணம்) நுனித்தூரிகையால் பள்ளங்களில் மட்டும் விடுங்கள். மொத்தமாக அப்பினால் தட்டைப் பரப்பில் காய்ந்த விளிம்புக்கறை நிற்கும்.

மறைப்பு வண்ணத்தைப் பற்றியும் ஒரு சொல். 1917-இல் நார்மன் வில்கின்சன் என்ற கடற்காட்சி ஓவியர் கொண்டுவந்த கோணல்மாணல் பட்டைகளை விண்கப்பல்களில் தீட்டுபவர்கள் உண்டு. பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனால் கப்பலை மறைப்பது அவர் நோக்கமே அல்ல. நீர்மூழ்கியின் பெரிஸ்கோப்பில் பார்ப்பவனுக்குக் கப்பல் போகும் திசையும் வேகமும் பிடிபடக் கூடாது என்பதே நோக்கம். உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

கோளறை:

நங்கூரம் ஐயா சொல்வது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கடல். இது விண்வெளி. எனக்கு ஒரு மாற்றுக்கருத்து உண்டு.

காற்றில்லாத இடத்தில் ஒளி சிதறாது. வெயில் படும் பக்கம் கண் கூசும், படாத பக்கம் ஏறத்தாழ முழு இருள். ட்ரை பிரஷ்ஷில் கிடைக்கும் மெதுவான ஒளிமாற்றம் பூமியின் மேகமூட்டமான பகல் வெளிச்சம். நான் கருப்புப் பிரைமருக்கு மேல் ஏர்பிரஷ்ஷால் (காற்றழுத்தத்தில் வண்ணம் தெளிக்கும் கருவி) ஒரே கோணத்திலிருந்து வெள்ளை அடித்து, அதன்மேல் ஒளி ஊடுருவும் காண்ட்ராஸ்ட் வண்ணத்தைத் தீட்டுகிறேன். படை முழுவதும் ஒரே சூரியனின் வெளிச்சத்தில் நிற்பதாகத் தெரியும்.

இன்னொன்று, விண்கலங்களுக்கு வண்ணமே ஒரு சுமை. நாசாவின் ஸ்பேஸ் ஷட்டில் 1981-இல் பறந்த முதல் இரண்டு பயணங்களில் வெளி எரிபொருள் தொட்டிக்கு வெள்ளை பூசியிருந்தார்கள். அந்தப் பூச்சை விட்டுவிட்டதில் சுமார் 270 கிலோ எடை குறைந்தது. அதன் பிறகு வந்த தொட்டிகள் எல்லாம் மேலே தெளித்த காப்பு நுரையின் ஆரஞ்சுப் பழுப்பிலேயே பறந்தன. பூசாத உலோகம், வெயிலில் நிறம் மாறிய காப்புத்தோல், வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளை, இவைதாம் எனக்கு விண்வெளியின் நிறங்கள்.

நங்கூரம்:

கோளறை, உங்கள் முறையில் தீட்டிய கப்பலை அலமாரியில் வைத்தால் நான் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். மேசையில்தான் தயங்குகிறேன். கப்பல் ஒவ்வொரு சுற்றிலும் திரும்புகிறது. தீட்டிய வெயில் அதனோடு சேர்ந்து திரும்புகிறது. இரண்டாம் சுற்றிலேயே ஆறு கப்பல்களுக்கு ஆறு சூரியன்கள். மேலிருந்து வரும் ஒளி எந்தப் பக்கம் திருப்பினாலும் மேலிருந்தே வரும்.

எடைக்கணக்கு தொட்டிக்குச் சரி. கோபுரங்களும் சிலைகளுமாக ஒரு தேவாலயத்தையே தூக்கிக்கொண்டு போகும் கப்பல் பூச்சின் எடைக்கு அஞ்சுமா? தன்னைக் காட்டிக்கொள்ளவே கட்டிய கப்பல் அது.

உங்கள் யோசனைக்கு மிகப் பொருத்தமான படை ஒன்று இதே விளையாட்டில் இருக்கிறது: எல்டார். அவர்களுடைய கப்பல்களுக்குச் சூரியப் பாய்கள் உண்டு. மேசையின் எந்த விளிம்பில் சூரியன் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அவற்றின் வேகம் மாறும். அந்தப் பாய்களில் ஏர்பிரஷ் செய்யும் வேலையை வேறு எதுவும் செய்யாது.

கோளறை:

எல்டார் பாயைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். கடினமான நிழலைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. லெஸ்டர்வாசி இரண்டு முறையையும் ஒவ்வொரு சிறுகப்பலில் தீட்டிப் பார்த்து முடிவு செய்யட்டும்.

லெஸ்டர்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. ஆல்கஹாலில் வண்ணம் சுத்தமாகக் கழன்றது. அடியில் இவ்வளவு செதுக்கல் இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. இரண்டு சிறுகப்பல்களை இரண்டு முறையிலும் தீட்டி விரிப்பில் வைத்துப் பார்த்தேன். கோளறையின் கப்பல் கையில் எடுத்துப் பார்க்க அற்புதமாக இருக்கிறது. ஆனால் நின்று பார்க்கும்போது ஐயாவின் கப்பலைத்தான் கண் முதலில் பிடிக்கிறது. அந்த வழியிலேயே முதல் க்ரூஸரைத் தொடங்கிவிட்டேன்.

இன்னும் இரண்டு கேள்விகள். உந்துபொறிகளின் ஒளியை எப்படித் தீட்டுவது? ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் மஞ்சள் புள்ளி வைக்க வேண்டுமா? நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரே அணியைச் சேர்ந்த கப்பல்களை அடையாளம் காட்டவும் ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள், ஐயா.

நங்கூரம்:

உந்துபொறியில் குழாயின் ஆழத்தில்தான் வெளிச்சம் அதிகம். ஆழத்தில் வெள்ளை, அதைச் சுற்றி வெளிர் நீலம், வாய் விளிம்பில் அடர்நீலம் என்று வெளியே வர வர இருள வேண்டும். பலர் விளிம்புக்கு வெளிச்சம் கொடுத்து நடுவை இருட்டாக விட்டுவிடுகிறார்கள். அப்போது அணைந்த அடுப்பாகத்தான் தெரியும். மண்ணெண்ணெய் எரிபொருள் கரித்துகளால் மஞ்சளாக ஒளிரும், ஹைட்ரஜன் சுடரோ கண்ணுக்கே சரியாகத் தெரியாத வெளிர் நீலம். உங்கள் உந்துபொறி உறை மஞ்சள் சார்ந்த பஃப் என்பதால் நீலமே எடுபடும்.

ஜன்னலுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த க்ரூஸர் வகைகள் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் நீளம் என்று பின்னாளில் வந்த விளையாட்டு நூல்கள் சொல்கின்றன. மாதிரி சுமார் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அளவு ஐம்பதாயிரத்தில் ஒன்று. நீங்கள் தூரிகை நுனியால் வைக்கும் அரை மில்லிமீட்டர்ப் புள்ளி, உண்மைக் கப்பலில் 25 மீட்டர் அகலமான வெளிச்சம். எட்டு மாடிக் கட்டடத்தின் உயரம்! அத்தனை ஜன்னலிலும் வைத்தால் கப்பல் சுருங்கிப் பொம்மையாகிவிடும். கோபுரத்தில் இரண்டு மூன்று இடங்களில், கொத்தாக, ஒழுங்கில்லாமல் வையுங்கள். பீரங்கித் தளத்தில் ஒன்றுகூட வேண்டாம். போருக்குப் போகும் கப்பலில் அங்கே விளக்கை அணைத்துத்தான் வைத்திருப்பார்கள்.

அணி அடையாளத்துக்கும் பழைய வழக்கமே கைகொடுக்கும். முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்த கப்பல்களைப் பிரித்தறியப் புகைபோக்கியில் பட்டைகள் பூசினார்கள். நீங்கள் பஃப் உறையைச் சுற்றிச் சிவப்பில் ஒரு மெல்லிய பட்டை போடுங்கள். முதல் கப்பலுக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு. கோப்ராக்களுக்கு இது மிக உதவும். எது அடிபட்டது எது படவில்லை என்ற வாக்குவாதமே வராது. கோடு நேராக வர, முகமூடி நாடாவை ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டி நடுவில் பூசுங்கள். நாடாவின் ஓரத்தில் முதலில் பஃபையே ஒரு கை பூசிக் காயவிட்டால், சிவப்பு உள்ளே கசியாது.

தூரிகைக்காரி (சிங்கப்பூர்):

கடைசிக் கட்டத்துக்கும் சொல்லிவிடுகிறேன். அணியத்தில் கழுகுச் சின்னமோ எண்ணோ டீக்காலாக (நீரில் நனைத்து ஒட்டும் படம்) ஒட்டப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் அந்த இடத்தில் பளபளப்பு வார்னிஷ் பூசுங்கள். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி மினுக்கு தெரியும். புடைப்புகளின்மேல் படிய டீக்காலை இளக்கும் மைக்ரோ சால் திரவம் ஒரு துளி விட்டு, சுருங்கினாலும் தொடாமல் விட்டுவிடுங்கள். காயும்போது தானாகப் படியும்.

எல்லாம் முடிந்ததும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். வெளியே பனிமூட்டமோ தூறலோ இருக்கும் நாளில் தெளிக்காதீர்கள். வெண்படலம் படிந்து ஐவரி, சாம்பல் எல்லாம் ஒன்றாகிவிடும். மேட் வார்னிஷ் வெண்கலத்தின் மினுக்கையும் மங்கடித்துவிடும். அதனால் அது நன்றாகக் காய்ந்த பிறகு, அணியத்தின் கவசத்தகட்டுக்கு மட்டும் இலேசாக மினுங்கும் சாட்டின் வார்னிஷைத் தூரிகையால் ஒரு கை பூசிவிடுங்கள்.

அந்த ஒளிபுகும் தாங்கித்தண்டு எளிதில் ஒடியும். கப்பலின் அடியில் சிறு காந்தமும் தண்டின் முனையில் இன்னொன்றும் பதித்துவிட்டால் பெட்டியில் கழற்றி வைக்கலாம். காந்தங்களை ஒட்டுவதற்கு முன் எல்லாக் கப்பல்களிலும் ஒரே முனை கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் எந்தக் கப்பலும் எந்தத் தண்டிலும் நிற்கும். உலோகக் கப்பல்களுக்குக் காந்தம் சற்றுப் பெரிதாக வேண்டும், எடை அதிகம்.